எண்ணெய்க்கு நிரந்தரம், காற்றுக்குத் தவணை: செனட்டர் கிராஸ்லியின் எரிசக்திக் கொள்கை

காற்றுத்திசை (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கச் செனட்டில் அயோவா மாநிலத்தின் சார்பில் 1981 முதல் உறுப்பினராக இருந்துவரும் சக் கிராஸ்லியின் எரிசக்திக் கொள்கையைப் பற்றி இங்கே விரிவாக விவாதிக்க விரும்புகிறேன். குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவர், விவசாயி, காற்றாலை மின்சாரத்துக்கான கூட்டாட்சி வரிச்சலுகையின் தந்தை என்று அவரே தம்மை அழைத்துக்கொள்பவர். எண்ணெய் நிறுவனங்களுக்கு நெருக்கமான கட்சி என்று பெயர் பெற்ற ஒரு கட்சிக்குள் இருந்துகொண்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் முன்வைத்துவரும் வாதம் என்னை மிகவும் ஈர்த்திருக்கிறது. அந்த வாதம் சரியானது என்றே நினைக்கிறேன். அவரே அதற்கு உண்மையாக இருந்தாரா என்பது வேறு கேள்வி, அதையும் பேசுவோம்.

1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தில் அவருடைய முயற்சியால் உற்பத்தி வரிச்சலுகை இடம்பெற்றது. காற்றாலை உற்பத்தி செய்து விற்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் 1.5 சென்ட், அதுவும் முதல் பத்து ஆண்டுகளுக்கு மட்டும், பணவீக்கத்துக்கு ஏற்ப உயரும் வகையில் அது அமைக்கப்பட்டது. கோபுரத்தை நிறுத்தியதற்காகப் பணம் கிடையாது. காற்று வீசி, இறகு சுழன்று, மின்சாரம் விற்பனையானால்தான் சலுகை. பொதுப்பணத்தைச் செலவிடும் முறைகளில் இது நேர்மையான ஒன்று என்பது என் கருத்து. அயோவாவுக்கு இத்துறையில் முன்வரலாறும் உண்டு: மின்நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று 1983இலேயே சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அதுதான். இன்று அம்மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது.

கிராஸ்லி திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: காற்றாலைக்கு வழங்கும் சலுகையை அரசின் தலையீடு என்று கண்டிப்பவர்கள், எண்ணெய், எரிவாயு, அணுமின் துறைகள் பல பத்தாண்டுகளாகப் பெற்றுவரும் சலுகைகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. எண்ணெய்ச் சலுகையை நீக்கினால் அது வரி உயர்வாம். காற்றாலைச் சலுகையை நீக்கினால் அது சந்தைச் சீர்திருத்தமாம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

இதில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. எண்ணெய்த் துறையின் முக்கியமான சலுகைகளுக்கு முடிவுத் தேதி இல்லை. காற்றாலைச் சலுகைக்குத் தொடக்கம் முதலே முடிவுத் தேதி உண்டு. ஆகவே எண்ணெய்ச் சலுகையை நீக்க நினைப்பவர்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் பெரும்பான்மையைத் திரட்ட வேண்டும். காற்றாலைக்கோ அது தொடர வேண்டும் என்று நினைப்பவர் ஒவ்வொரு முறையும் பெரும்பான்மையைத் திரட்ட வேண்டும். எவ்வளவு பணம் என்பதைக் காட்டிலும், யார் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது என்பதே பெரிய வேறுபாடு. இது குறித்து உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வரிப்படிவம்

நல்ல தொடக்கம். ஆனால் "எண்ணெய்ச் சலுகை" என்று ஒரே சொல்லில் அடக்குவது இந்த விவாதத்தில் குழப்பத்தையே தரும் என்பதால், அவை உண்மையில் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

முதலாவது, துளையிடுதலின் பருப்பொருளற்ற செலவுகளுக்கான கழிவு. கூலி, எரிபொருள், நிலத்தைச் சீர்செய்தல் போன்று, பின்னர் விற்று மீட்க முடியாத செலவுகளைத் தனித்து இயங்கும் எண்ணெய் உற்பத்தியாளர்கள் முதல் ஆண்டிலேயே முழுவதுமாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். உற்பத்தி முதல் விற்பனை வரை எல்லாவற்றையும் தாமே நடத்தும் பெருநிறுவனங்கள் 70 சதவீதத்தை உடனடியாகவும் எஞ்சியதை ஐந்து ஆண்டுகளில் பகிர்ந்தும் கழிக்க வேண்டும். கூட்டாட்சி வருமான வரி தோன்றிய 1913ஆம் ஆண்டையொட்டியே இந்த வழக்கம் வேர் பிடித்துவிட்டது. இது வரியைத் தள்ளிப்போடும் ஏற்பாடுதான். வரியே இல்லாமல் செய்வதில்லை. பிற தொழில்களும் இயந்திரங்களுக்கு இதுபோன்ற விரைவுத் தேய்மானத்தைப் பெறுகின்றன; காற்றாலைகளும் நெடுங்காலம் பெற்றன.

இரண்டாவது, சதவீத அடிப்படையிலான வளக்குறைவுக் கழிவு: கிணற்றில் எண்ணெய் குறைந்துகொண்டே வருவதற்கு ஈடாக, அதன் வருவாயில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வரிக்கணக்கிலிருந்து கழிக்க விடுவது. இது 1926இல் வந்தது. அன்று 27.5 சதவீதம், 1969இல் 22 ஆகக் குறைக்கப்பட்டது, 1975இல் பெருநிறுவனங்களுக்கு அறவே நீக்கப்பட்டு, இன்று சிறு உற்பத்தியாளர்களுக்கும் எண்ணெய் எடுப்பதற்கு ஈடாக ராயல்டி என்ற உரிமைப்பங்கு பெறும் நில உரிமையாளர்களுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 1,000 பீப்பாய் வரையில் 15 சதவீதமாக நிற்கிறது. கிணற்றில் போட்ட முதல் முழுவதையும் மீட்டுவிட்ட பிறகும் இந்தக் கழிவு தொடரலாம் என்பதால், இதை மானியம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கழிவு என்பது வரி கணக்கிடப்படும் வருமானத்தைக் குறைப்பது. உற்பத்தி வரிச்சலுகையோ செலுத்த வேண்டிய வரித்தொகையிலிருந்தே நேரடியாகக் கழிவது. டாலருக்கு டாலர் பார்த்தால் இரண்டாவதுதான் வலுவானது. அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016 முதல் 2022 வரையிலான நிதியாண்டுகளில் கூட்டாட்சி எரிசக்தி மானியங்களில் 46 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கே சென்றது. ஆகவே "எண்ணெய்க்கு மலையளவு, காற்றுக்குக் கடுகளவு" என்று கிராஸ்லியின் ஆதரவாளர்கள் சிலர் பேசுவது, நூறாண்டுக் கூட்டுத்தொகைக்குப் பொருந்தலாம். அண்மைக் காலத்துக்குப் பொருந்தாது.

காற்றுத்திசை

வரிப்படிவம், நீங்கள் தந்த விளக்கத்துக்கு நன்றி. அண்மை ஆண்டுகளின் தொகையைப் பற்றி நீங்கள் கூறியதை மறுக்கவில்லை. என் வாதம் தொகையைப் பற்றியதும் அன்று. 1969, 1975 மாற்றங்களை நீங்களே எடுத்துக்காட்டினீர்கள். எண்ணெய்ச் சலுகை மாறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெருநிறுவனங்களுக்கு அதை நீக்குவதற்கு, நாடே பெட்ரோல் தட்டுப்பாட்டில் தவித்து, எண்ணெய் நிறுவனங்கள் மீது மக்களின் கோபம் உச்சத்தில் இருந்த எழுபதுகளின் அரசியல் சூழல் தேவைப்பட்டது. காற்றாலைச் சலுகையை முடிப்பதற்கு எதுவுமே தேவைப்படவில்லை; காங்கிரஸ் சும்மா இருந்தாலே போதும்.

அப்படித்தான் நடந்தது. 1999 நடுவிலும், 2001 இறுதியிலும், 2003 இறுதியிலும் சலுகை காலாவதியானது. ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் கழித்துப் புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் 2000, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் புதிய காற்றாலைகள் நிறுவப்படுவது அதலபாதாளத்துக்குச் சென்றது. இதைவிடத் தெளிவான சான்று 2012இல் கிடைத்தது. சலுகை டிசம்பரோடு முடிகிறது என்ற அச்சத்தில் நிறுவனங்கள் முண்டியடித்து அந்த ஓராண்டில் 13,000 மெகாவாட்டுக்கும் மேல் நிறுவின. மறு ஆண்டில் அது ஏறத்தாழ 1,100 மெகாவாட்டாகச் சுருங்கியது. காற்று குறைந்துவிடவில்லை, தொழில்நுட்பமும் பின்னோக்கிப் போய்விடவில்லை. நாட்காட்டி ஒன்றுதான் மாறியது.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள். அயோவாவின் நியூட்டன் நகரம் மேடேக் சலவை இயந்திரங்களால் வாழ்ந்த ஊர். 2007இல் அந்த ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டே டிபிஐ காம்போசிட்ஸ் நிறுவனம் அங்கே காற்றாலை இறகுகள் செய்யும் தொழிற்சாலையைத் திறந்தபோது, வேலையிழந்த ஓர் ஊருக்கு மறுவாழ்வு கிடைத்ததாக நாடே பேசியது. 2021 இறுதியில் அதுவும் மூடப்பட்டு நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதற்கு வரிச்சலுகை மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. வெளிநாட்டுப் போட்டியும் மூலப்பொருள் விலையும் சேர்ந்தே அழுத்தின. ஆனால் அடுத்த ஆண்டு எத்தனை கோபுரங்களுக்கு இறகு வேண்டும் என்பதே உறுதியாகத் தெரியாத ஒரு தொழிலில் யார் நீண்டகால முதலீடு செய்வார்? எண்ணெய்க் கிணறு தோண்டுபவருக்கு இந்தக் கவலை ஒருநாளும் வந்ததில்லை.

வயல்வெளி

இருவரும் காற்றாலையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆனால் கிராஸ்லி எண்ணெய்த் துறையோடு நேருக்கு நேர் மோதியது மின்சாரத்துக்காக அன்று, பெட்ரோல் தொட்டிக்காக. அமெரிக்காவில் எண்ணெயைக் கொண்டு மின்சாரம் தயாரிப்பது மிகச் சொற்பம். எக்சான் போன்ற எண்ணெய் நிறுவனத்துக்குக் காற்றாலையால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்தால், அந்தப் பத்து சதவீதம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் விற்பனையிலிருந்து போகிறது. அயோவா நாட்டிலேயே மிக அதிகமாக மக்காச்சோளமும் எத்தனாலும் உற்பத்தி செய்யும் மாநிலம். அங்கே எண்ணெய் வயல்கள் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் செனட்டரின் கொள்கை முழுமையாகப் புரியும்.

2005இல் தொடங்கி 2007இல் விரிவாக்கப்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிபொருள் விதிப்படி, 2022க்குள் 3,600 கோடி காலன் உயிரி எரிபொருளை எண்ணெய் நிறுவனங்கள் கலந்தாக வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அதில் மக்காச்சோள எத்தனாலின் பங்கு 1,500 கோடி காலன் வரை. சந்தையே முடிவு செய்யட்டும் என்று பேசும் கட்சியைச் சேர்ந்த ஒருவர், ஒரு தொழில் தன் போட்டியாளரின் பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியின் தலையாய காவலராக இருக்கிறார். பெட்ரோல் விநியோகம் முழுவதும் எண்ணெய்த் துறையின் கையில் இருக்கும்போது, கட்டாயம் இல்லாமல் வேறெந்த எரிபொருளும் உள்ளே நுழைய முடியாது என்பது அவருடைய பதில். அதில் நியாயம் இருக்கிறது.

இந்த விதிக்காக அவர் சொந்தக் கட்சியின் அரசோடும் மோதினார். நாளொன்றுக்கு 75,000 பீப்பாய்க்கு மிகாத சிறு சுத்திகரிப்பு ஆலைகளுக்கு விலக்களிக்கச் சட்டத்தில் இடமுண்டு. டிரம்பின் முதல் ஆட்சியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்த ஸ்காட் புரூயிட் இந்த விலக்கை அள்ளி வழங்கியபோது, புரூயிட் பதவி விலக வேண்டும் என்று கோரவும் தயங்கமாட்டேன் என 2018இல் எச்சரித்தார் கிராஸ்லி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்குகள் குறித்த வழக்கில் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் கோடையிலும் விற்கலாம் என்ற 2019ஆம் ஆண்டு விதியை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதன்பின் 2022 முதல் நாட்டின் பெரும்பகுதியில் அந்தப் பெட்ரோல் கோடையில் அவசரகால அனுமதியால்தான் விற்பனையாகி வந்திருக்கிறது. காற்றுத்திசை சொல்லும் "தவணை வாழ்க்கை" எத்தனாலுக்கும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய குறை வேறு. நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனாலுக்குப் போகிறது. உரமும், உழவுக்கான டீசலும், மண்ணிலிருந்து நீரோடைகளில் கலக்கும் நைட்ரேட்டும் கணக்கில் வர வேண்டும். காற்றாலையையும் எத்தனாலையும் "தூய எரிசக்தி" என்ற ஒரே பையில் போடுவது செனட்டருக்கு வசதி. நமக்கு அது நேர்மையாகாது.

மின்கட்டம்

வயல்வெளியின் கடைசிப் பத்தியோடு முழுமையாக உடன்படுகிறேன். மின்சாரத் துறை சார்ந்து ஒன்றைச் சேர்க்கிறேன். உற்பத்தி செய்தால்தான் சலுகை என்ற ஏற்பாட்டைக் காற்றுத்திசை பாராட்டினார். அதே ஏற்பாட்டால்தான், மின்சாரம் தேவைக்கு மேல் இருக்கும் இரவுகளில்கூடக் காற்றாலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. விலை சுழியத்துக்குக் கீழே போனாலும் சலுகை கிடைப்பதால் அவற்றுக்கு நட்டமில்லை. நிறுத்தி நிறுத்தி இயக்க முடியாத அணுமின் நிலையங்களை இது கடுமையாகப் பாதிக்கிறது. அயோவாவின் ஒரே அணுமின் நிலையமான டுவான் ஆர்னால்டு, மின்கொள்முதல் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டதால் மூடுவதற்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. 2020 ஆகஸ்டில் வீசிய பெரும்புயலில் சேதமடைந்து, சில வாரங்கள் முன்னதாகவே நின்றுபோனது. இப்போது அதை மீண்டும் இயக்கத் திட்டமிடுகிறார்கள். கரியமிலமற்ற ஒரு மின்சாரம் கரியமிலமற்ற மற்றொன்றைச் சந்தையிலிருந்து தள்ளுவதற்குச் சலுகையின் வடிவமைப்பே துணைபோனது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாக்குப்பதிவு

செனட்டரின் பேச்சுகளைப் பற்றி நிறையவே பேசிவிட்டோம். அவருடைய வாக்குகளைப் பார்ப்போம். ஒரே அளவுகோல் என்ற கொள்கையைச் செயல்படுத்த அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்றால் நான் மன்னித்திருப்பேன். வாய்ப்பு கிடைத்தது.

2012 மார்ச்சில் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் மெனெண்டஸ் கொண்டுவந்த மசோதா, ஐந்து மிகப்பெரிய எண்ணெய் நிறுவனங்களின் வரிச்சலுகைகளை நீக்கி, அந்தப் பணத்தைக் கொண்டு காற்றாலை உள்ளிட்ட புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சலுகைகளை நீட்டிக்க முன்வந்தது. கிராஸ்லி ஆண்டுக்கணக்கில் சுட்டிக்காட்டிய ஏற்றத்தாழ்வை ஒரே வாக்கில் சரிசெய்யும் மசோதா அது. 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 51 கிடைத்தன. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் இருவர், இருவருமே மெயின் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். கிராஸ்லி எதிர்த்து வாக்களித்தார். ஒரு தொழிலின் சலுகையை மட்டும் தனியே பிரித்து நீக்கக்கூடாது, ஒட்டுமொத்த வரிச் சீர்திருத்தத்தில்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். சரி, அந்த ஒட்டுமொத்த வரிச் சீர்திருத்தம் 2017இல் வந்தது. அவர் ஆதரித்து வாக்களித்த அச்சட்டம் எண்ணெயின் இரு பெரும் கழிவுகளையும் விட்டுவைத்தது. அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தையும் துளையிடுவதற்குத் திறந்துவிட்டது.

2013 புத்தாண்டு இரவில் காற்றாலைச் சலுகையை ஓராண்டு நீட்டித்த சட்டத்தை எதிர்த்த எட்டு செனட்டர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டத்தின் பிற பகுதிகளே அதற்குக் காரணம் என்பதை ஏற்கிறேன். 2022இல் காற்றாலைக்கு வரலாறு காணாத நீண்டகால உறுதியைத் தந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்தையும் தம் கட்சியினர் அனைவரோடும் சேர்ந்து எதிர்த்தார். அது 51க்கு 50 என்று நிறைவேறியது. நிரந்தரமற்ற சலுகையே காற்றாலையின் சாபம் என்றால், அந்தச் சாபத்தை நீக்க வந்த சட்டத்துக்கு எதிராக அவர் ஏன் நின்றார்?

காற்றுத்திசை

உங்கள் கேள்வி கடினமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2012 வாக்குக்கு என்னாலும் நல்ல விளக்கம் தர இயலவில்லை. ஆனால் வாக்கு ஒன்றை மட்டுமே கொண்டு ஒரு செனட்டரை மதிப்பிட்டால், சட்டத்தின் வாசகம் உருவாகும் இடத்தில் நடப்பதைத் தவறவிடுவோம்.

2015 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 முதல் நடைமுறையில் இருந்த கச்சா எண்ணெய் ஏற்றுமதித் தடையை நீக்க எண்ணெய்த் துறை விரும்பியது. காற்றாலைத் துறைக்கும் சூரிய மின்துறைக்கும் சலுகை நீட்டிப்பு தேவைப்பட்டது. இரண்டும் ஒரே சட்டத் தொகுப்பில் ஒன்றுக்கொன்று ஈடாக நிறைவேறின. எண்ணெய்க்குக் கிடைத்தது நிரந்தர அனுமதி. காற்றுக்குக் கிடைத்தது ஐந்தாண்டு ஏணிப்படி, கீழ்நோக்கி இறங்கும் படி: 2017இல் கட்டத் தொடங்கினால் 80 சதவீதம், 2018இல் 60, 2019இல் 40. பேரம் நடக்கும் மேசையிலேயே நிரந்தரமும் தவணையும் எதிரெதிரே அமர்ந்திருந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அந்த ஐந்தாண்டுத் தெளிவைக் காற்றாலைத் துறை அதற்கு முன் கண்டதே இல்லை. ஒழுங்காக இறங்கி முடியும் சலுகை என்பதைக் கிராஸ்லி தொடர்ந்து ஆதரித்தார். திடீரென்று அறுப்பதைத்தான் எதிர்த்தார்.

அதனால்தான் 2025 நிகழ்வுகளை முக்கியமானவையாகக் கருதுகிறேன். அந்த ஆண்டின் பெரும் வரிச்சட்டத்தின் செனட் வரைவில், காற்றாலை, சூரிய மின்திட்டங்கள் மீது புதிய கலால் வரி ஒன்றே சேர்க்கப்பட்டிருந்தது. சக குடியரசுக் கட்சிச் செனட்டர்களான ஜோனி எர்ன்ஸ்ட், லிசா முர்கோவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து கிராஸ்லி அழுத்தம் கொடுத்ததில் அந்த வரி நீங்கியது. 2026 ஜூலை 4க்குள் கட்டுமானத்தைத் தொடங்கும் திட்டங்களுக்குச் சலுகை உண்டு என்ற வாசகம் நுழைந்தது. சட்டம் கையெழுத்தான மூன்றாம் நாளே, "கட்டுமானத் தொடக்கம்" என்பதற்கான விதிகளை இறுக்கும்படி அதிபர் ஆணையிட்டார். பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கருவூலத் துறையே வகுத்து நடைமுறையில் வைத்திருந்த பொருளை மனத்தில் கொண்டுதான் காங்கிரஸ் அச்சொற்களை எழுதியது என்று கூறி, ஆகஸ்ட் தொடக்கத்தில் கருவூலத் துறைப் பதவிகளுக்கான மூன்று நியமனங்களைக் கிராஸ்லி தடுத்து நிறுத்தினார். தொண்ணூற்றோராம் வயதில், சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக.

வாக்குப்பதிவு

தடுத்து நிறுத்தியதைப் பாராட்டுகிறேன். அந்தத் துணிவு எளிதன்று. ஆனால் அதே சட்டத்துக்கு ஆதரவாக அவர் வாக்களித்தார், அதுவும் துணை அதிபரின் வாக்கால் மட்டுமே 51க்கு 50 என்று தப்பிய சட்டம். அவர் ஒருவர் மறுத்திருந்தால் அந்த வடிவில் அது நிறைவேறியிருக்காது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூட்டாட்சி நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான ராயல்டி 16.67 சதவீதத்திலிருந்து 12.5க்கு இறக்கப்பட்டது. துளையிடும் செலவுக் கழிவைப் பெருநிறுவனங்களுக்கான குறைந்தபட்ச வரியிலும் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. எத்தனாலுக்குப் பயன்படும் தூய எரிபொருள் சலுகை 2029 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. காற்றுக்கு ஓராண்டு.

எத்தனால், காற்று என்ற அயோவாவின் இரு நலன்களில் எதை அவர் முழு விலையும் கொடுத்துக் காப்பாற்றினார், எதை ஓரளவுக்கு மட்டும் காத்தார் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

வரிப்படிவம்

ஆகஸ்ட் 15 அன்று கருவூலத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலையும் சேர்த்துக்கொள்வோம். மொத்தச் செலவில் ஐந்து சதவீதத்தைச் செலவிட்டாலே கட்டுமானம் தொடங்கியதாகக் கொள்ளும் வழி, சிறு சூரிய மின்திட்டங்களைத் தவிர மற்றவற்றுக்கு அடைக்கப்பட்டது. ஆனால் உண்மையான கட்டுமானப் பணி தொடங்கினால் போதும் என்ற பழைய வழியும், அதன்பின் நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம் என்ற அவகாசமும் பிழைத்தன. பலர் அஞ்சியதைவிட இது மிதமானது. நியமனங்களைத் தடுத்ததற்கு இதில் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

காற்றுத்திசையின் அடிப்படைக் கருத்தை இப்போது ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. காற்றாலைச் சலுகையையும் நிரந்தரமாக்குவது தீர்வாகாது. முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கு முடிவில்லாத சலுகை தேவையில்லை என்று கிராஸ்லியே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். வளக்குறைவுக் கழிவுக்கும் ஒரு முடிவுத் தேதியை எழுதுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணெய் உற்பத்தியாளர்களும் செனட்டின் நிதிக்குழுவின் முன் வந்து, நாளொன்றுக்கு 130 லட்சம் பீப்பாயை ஒட்டி உற்பத்தி செய்யும் நாட்டில் 1926ஆம் ஆண்டின் ஊக்கம் இன்னும் ஏன் தேவை என்று விளக்கட்டும். அந்த நிதிக்குழுவுக்கு ஒருமுறைக்கு மேல் தலைவராக இருந்தவர் கிராஸ்லி. இப்படி ஒரு திருத்தத்தை அவர் பெயரில் நான் இதுவரை கண்டதில்லை. யாராவது கண்டிருந்தால் இங்கே பதிவிடுங்கள்.